நான்காவது உறை

கைத்துப்பாக்கிக்குத் தோலுறை தைக்கிற மற்றவர்கள் பிளாஸ்டிக் அச்சை வைத்தே வேலையை முடித்துவிடுவார்கள். வெர்லின் மட்டும் அசல் துப்பாக்கி கைக்கு வராமல் தோலை நனைக்கமாட்டார். ஈரத்தோல் அதன் மேலேயே காய வேண்டும் என்று ஒக்லஹோமாவிலேயே அவருக்குத்தான் இந்தப் பிடிவாதம்.

அதனால்தான் டோரீன் அவரைத் தேடி வந்தாள். தன் கணவனும் அவருடைய பழைய நண்பனுமான ஹார்லனுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி அவன் துப்பாக்கியைக் கொடுத்தாள். அப்புறம் ஓயாத குறைதான். முதல் உறைக்கு நிறம் மட்டம், இரண்டாவதில் தையல் கோணல், மூன்றாவது இறுக்கமாம்.

இன்றைக்கும் வந்து நின்றாள். "வெர்லின், நாலாவதுலயும் அந்த வார் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமா..."

"அம்மா தாயே, ஆளை விடு! காலைல நீ வேலைக்குப் போனதும் நானே கொண்டுபோய் ஹார்லன்கிட்ட குடுத்துட்டேன். துப்பாக்கியைச் சொருகிப் பாத்துட்டு, ஒரு குறையும் இல்லடான்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான்."

டோரீன் நாற்காலியில் சரிந்தாள்.

"வீட்டுல துப்பாக்கியே இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, வெர்லின். பையனைப் பறிகொடுத்ததுலேர்ந்து அவர் அவரா இல்ல. எங்க ஒளிச்சாலும் தேடி எடுத்துடுவாரு. உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் கேக்கமாட்டாருன்னுதான்..."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாய் வந்து அவள் கையை நக்கியது. அவள் வீட்டு நாய்.

"இது எப்படி இங்க?"



"ஹார்லன்தான்... இனிமே இதை நீயே பாத்துக்கடான்னு குடுத்தான்."