ஷிப்ட் விடும் நேரம்

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள குழந்தைப்பேறு மருத்துவமனைக்குக் கரு வளர்க்கும் பிளாஸ்டிக் தட்டுகள் புதிதாக வந்தால், ஜெயமேரியும் பல்லவியும்தான் சோதிப்பார்கள். தானமாக வந்த விந்தணுக்களை ஒரு தட்டில் விட்டு, மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அவை இன்னும் நீந்திக்கொண்டிருந்தால் தட்டில் நஞ்சில்லை.

அன்று எல்லாமே நீந்தின, ஒரே திசையில். பல்லவி தட்டைத் திருப்பி வைத்தாள். அவை மறுபடி அதே திசைக்குத் திரும்பிக்கொண்டன.

"இன்னாக்கா இது, எல்லாம் சாம்பியன் ரீப்ஸ் பக்கமாவே போவுது?"

ஜெயமேரி குனிந்து பார்த்தாள். அங்கிருந்த தங்கச் சுரங்கத்தை மூடியபோது பல்லவி பிறக்கவே இல்லை. ஜெயமேரியின் அப்பா அதற்கும் முன்பே, ஷிப்டுக்கு இறங்கிய ஒரு நாள், மேலே வராமலே போனவர்.

மதியம் இரண்டு மணிக்கு அவை நின்றன. பிறகு வந்த வழியே திரும்பின.

"ஷிப்ட் வுட்டாச்சு" என்றாள் ஜெயமேரி.

தட்டு தேறிவிட்டது. நாளை ஒரு பெண்ணின் கருவை இந்தத் தட்டுகளில்தான் வைக்கப்போகிறார்கள். பல்லவி மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்கக் கை நீட்டினாள்.

"இரும்மா" என்றாள் ஜெயமேரி, கண்ணை எடுக்காமல். "ஒருத்தர் இன்னும் மேல வரல."