ஆட்சேபம் இல்லை

நாற்பத்து மூன்று சீட்டுகளையும் மேஜை மேல் வரிசையாகப் பரப்பி முடித்ததும், விசாரணைக் குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

எதிரே வக்கீல் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு 'வாய்தா' என்றுதான் பெயர். வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. வழக்கு நடத்த வாயைத் திறக்காத மனுஷன், தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதென்றால் மட்டும் முதல் ஆளாக எழுந்து நிற்பார்.

இது மூன்றாவது புகார். முதல் தடவை எச்சரித்து விட்டார்கள். இரண்டாவது தடவை ஆறு மாசம் தொழில் பண்ணக்கூடாது என்றார்கள். இந்தத் தடவை கறுப்புக் கோட்டைக் கழற்றினால் கழற்றினதுதான். வக்கீல்கள் பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள்.

செய்ததும் லேசுப்பட்ட காரியமா?

புகார் கொடுத்தவர் ஒரு பட்டறைத் தொழிலாளி. மெஷினில் மாட்டி வலது கையில் மூன்று விரல் போயிற்று. நஷ்டஈடு கேட்டு வழக்கு. விசாரணைக்குக் கூப்பிட்ட நேரத்தில் வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆளைக் காணோம் என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

முப்பது நாளுக்குள் ஒரு மனுப் போட்டிருந்தால் வழக்குக்கு மறுபடி உயிர் வந்திருக்கும். இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று அதையும் கோட்டை விட்டார்.

தொழிலாளியிடம் மூச்சுவிடவில்லை. மாசா மாசம் ஒரு சீட்டில் ஏதோ ஒரு தேதியை எழுதி நீட்டினார், இல்லாத வழக்குக்கு. அந்த மனுஷனும் அந்தந்தத் தேதிக்குப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வக்கீல் ஆபீஸில் வந்து உட்காருவார்.

"தேதி குடுத்தாரு, வந்தேன். ஜட்ஜ் லீவுன்னாரு, போனேன். நாலு வருஷமா இதாங்க என் கேஸு" என்றார் தொழிலாளி.

அவ்வளவுதான் சாட்சி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வக்கீலுக்கு.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது.

முதல் நாளே கேட்டார்கள். குழுத் தலைவர் உங்களுக்குப் பழைய சீனியராச்சே, அவர் விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று. ஆட்சேபம் இல்லை என்று எழுதி, கேட்ட வாய் மூடுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷம் காலடியிலேயே கிடந்த ஜூனியரை எந்தச் சீனியராவது கழுத்தறுப்பாரா? மிஞ்சிப் போனால் இன்னொரு ஆறு மாசம். வக்கீல் மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாற்பது வருஷமா இந்தக் கோட்டைப் போடுறேன். இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

அடப்பாவி! வக்கீலுக்குச் சுரீர் என்றது.

இந்த வித்தையை அவர் என்ன, சொந்தமாகவா கண்டுபிடித்தார்? இருபத்தாறு வயதில் அவர் ஜூனியராக இருந்தபோது, இதே சீனியர் கோட்டைவிட்ட வழக்கு ஒன்று. கட்சிக்காரி ஒரு டீச்சரம்மா, வாசலில் வந்து நிற்கிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஜூனியர் உள்ளே ஓடினார். ஜட்ஜ் லீவுன்னு சொல்லி ஒரு தேதியை எழுதிக் குடுத்து அனுப்புடா, ஆறு மாசத்துல அலுத்துப்போய் நின்னுடுவா என்றார் சீனியர். படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

டீச்சரம்மா ஐந்தாவது மாசமே நின்றுபோனாள். அதற்கப்புறம் எத்தனையோ பேர். இந்தப் பட்டறைக்காரர் ஒருவருக்குத்தான் அலுக்கவே இல்லை.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

பக்கத்திலிருந்த இரண்டு உறுப்பினர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். டைப் அடிக்கிற அம்மா விரலை நிறுத்திக் காத்திருந்தாள். சொல்வதை அப்படியே அடித்துவிடுவாள். அப்புறம் யாராலும் அழிக்க முடியாது.

வக்கீல் வாயைத் திறந்தார்.

தலைவரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஆள் தன்னைப் பார்த்துப் பயப்படுவதை வக்கீல் கண்ணாரப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். தான் பிழைக்க முடியாது, ஆனால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

"ஒண்ணுமில்லைங்க சார்."

பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பெயர் நிரந்தரமாக நீக்கம். இவர் இந்தத் தொழிலுக்கே களங்கம் என்று ஒரு வரியைத் தலைவரே தன் பேனாவால் சேர்த்து எழுதினார். போன பயம் போனதுதான்.

கோட்டைக் கழற்றி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வக்கீல் வெளியே வந்தார். முழுங்கியதை முழுங்கியாகிவிட்டது.

வராந்தாவில் அவருடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். தைத்து இன்னும் கசங்காத கறுப்புக் கோட்டு. கையில் தலைவருடைய பெட்டி. அவர் ஆபீஸில் அவள் ஜூனியராகச் சேர்ந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டவர் அப்பாதான்.

மகள் அவருடைய அக்குளில் இருந்த கோட்டைப் பார்த்தாள். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று புரிந்துபோயிற்று. கண் கலங்கியது. ஆனாலும் அவளுடைய பார்வை அவரைத் தாண்டிக் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. சீனியர் வர்ற நேரம்."

அவர் தள்ளி நின்றார்.