குறை சொல்லாத டிரைவர்

“ஐயா, கிளட்ச்ச மிதிச்சா கார் ஊளையிடுது, விட்டா சத்தம் நின்னுடுது. பேரிங் போவுது. பட்டறைக்கு அனுப்பணும்.”

டிரைவர் ராமையா மூன்றாம் முறையாகச் சொன்னதும் எஸ்டேட் மேனேஜர் சீறினார்.

“கார விட உன் சத்தம்தான்யா பெருசு. நாளைக்கு வேலைக்கு வராத!”

வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போயிற்று.

மறுமாதம் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ராமையாவைப் பார்த்ததும் மேனேஜரே காரிலிருந்து இறங்கி வந்தார்.

“புது டிரைவர் கஸ்பாரப் பாரு. ஒரு குறை சொன்னதில்ல. எது சொன்னாலும் தலையாட்டுறான்.”

அவர் கடைக்குள் போனதும் கஸ்பார் கிளட்ச்சை மிதித்தான். கார் முன்னைவிட மோசமாக ஊளையிட்டது.

ராமையா ஜன்னலருகே ஓடினான். “தம்பி, இந்தச் சத்தம் கேக்கலையா?”

கஸ்பார் சிரித்தபடி தலையாட்டினான். பிறகு காதைத் தொட்டுக் காட்டினான்.

“கத்திப் பேசுங்கண்ணே. கல்லு குவாரி வெடியில ரெண்டு காதும் போச்சு. மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்கலா.”

மேனேஜர் கடையிலிருந்து திரும்பி வந்தபோது, இந்த முறை ராமையா வாயைத் திறக்கவேயில்லை.