வரிசையின் வால்

நொம்புசோ மறுபடியும் வரிசையின் வாலுக்கே வந்துவிட்டாள்.

யாரும் தள்ளவில்லை, இவளாகத்தான் வந்தாள். புருஷனை இழந்து துக்கக் கறுப்பு உடுத்தியவளுக்கு டாக்சியில் பின் சீட்டு, சர்ச்சில் பின் பெஞ்சு. தொழிலாளர் அலுவலகத்தில் மட்டும் முன்னால் நிற்க முடியுமா என்ன? கதவு திறக்கும்போதெல்லாம் புதிதாக யாராவது வந்தார்கள். இவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

முன்பு வந்தபோதும் இதே கூத்துதான். இவள் முறை வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

கரும்பாலையில் இவள் புருஷன் பெகானியின் சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். வேலையில் இருக்கும்போதே போய்ச்சேர்ந்தவனின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அதில் பங்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும். இன்றோடு கெடு முடிகிறது.

வீட்டில் சோள மாவுப் பையை உதறியாகிவிட்டது. முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று முன்னே போய்விடலாம்தான். ஆனால் பெகானிக்கு இவள் செய்ய மிச்சமிருந்தது இந்த ஒரு மரியாதைதான். அதையும் எப்படி விடுவாள்?

"ஈரம், பாத்து நில்லும்மா," என்றாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சைச் சட்டைக்காரி. நொம்புசோ தலை நிமிராமல் நகர்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு கறுப்பு உடை வந்து இவள் பின்னால் நின்றது. போர்வை மூக்குவரை. இவளுடைய குனிந்த பார்வைக்கு ஈரச் செருப்பு மட்டும் தெரிந்தது. வாசல் காவலாளி ஏனோ தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

நொம்புசோ பதறி விலகினாள். "நீங்க முன்னால போங்கம்மா."

"எதுக்கு? உன் புருஷன் போயி எத்தனை நாளாச்சு?"

"ஆறு மாசம்மா."

"என்னோட ஆளு போன வாரம். பச்சைப் புண்ணு. அப்ப யாரு கடைசி? நான்தான். வர்றவங்களுக்கு நான் வழிவிட்டுக்கறேன். நீ திரும்பிப் பாக்காம போ."

ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த அம்மாள் ஓரடி பின்வாங்கினாள். நொம்புசோ ஓரடி முன்னேறினாள்.

ஜன்னலில் பெருவிரல் ரேகை வைத்தாள். முத்திரை விழுந்தது. அப்பாடா! இனி பிள்ளைகளுக்குக் கஞ்சிக்குப் பஞ்சமில்லை.

நன்றி சொல்லத் திரும்பினால், வாலில் அந்த அம்மாளைக் காணோம். ஐயோ பாவம், போன வாரத்துப் புண்ணோடு வந்தவள், எனக்காக முறையை விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று மனசு அடித்துக்கொண்டது. தாழ்வாரத்தின் கடைசிவரை ஓடினாள்.

அங்கே சாமான் அறையில், துடைப்பங்களுக்கு நடுவே, ஆணியில் அந்தக் கறுப்பு உடை தொங்கியது. வருஷக்கணக்கில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. பச்சைச் சட்டைக்காரி பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள்.

துக்கம் கழிக்கும் அன்றே எரித்துவிட வேண்டிய உடை. வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

"எரிக்கலையாம்மா?" என்றாள் நொம்புசோ.

"வால்லயே நின்னு கெடுவக் கோட்டை விட்டவ நான்." அவள் வாளியைத் தூக்கிக்கொண்டாள். "எரிக்கலாம்னு எடுக்கறப்பல்லாம் உன்னாட்டம் ஒருத்தி வந்து நிக்கறாளே, என்ன பண்ண?"