பதினேழாவது முகம்

மனித மூளை முகங்களை எப்படி நினைவில் வைக்கிறது என்று உலகத்துக்கு அறிவிக்கும் அவசரத்தோடு, முனைவர் பட்ட ஆய்வாளர் சஃபா வாலிநோக்கம் என்ற ஊருக்கு வந்திருந்தாள். அவள் மடிக்கணினியில் இருந்த முகங்கள் எல்லாமே செயற்கை நுண்ணறிவு வரைந்தவை. பூமியில் யாருக்கும் சொந்தமில்லாதவை. ஊர்க்காரர்கள் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால் போதும், ஜெர்மனியில் வேலை நிச்சயம் என்றிருந்தார் பேராசிரியர். ஜெர்மனியே தன் சட்டைப்பையில் இருப்பதுபோல் பேசக்கூடியவர் அவர்.

பதினேழாவது முகத்தை மட்டும், பார்த்தவர்கள் எல்லோரும் ‘தெரியும்’ என்றார்கள்.

“நம்ம அசனார் மவ ரிஸ்வானால்ல! போட்டோவ எங்கன புடிச்ச?” என்றார், அவள் தங்கியிருந்த வீட்டு ஜுனைதா.

“இது கம்ப்யூட்டர் வரைஞ்சது மாமி. இப்படி ஒரு ஆளே கெடையாது.”

“ஏ புள்ள, காலையில நீ தின்ன இடியாப்பம் அவ அவிச்சதுதான். கம்ப்யூட்டரா வந்து அவிச்சுச்சு?”

ஒரு முகத்துக்காக ஜெர்மனியை இழக்க சஃபா தயாராக இல்லை. அதை அழித்தாள். ஆய்வுலகில் இதற்குத் ‘தரவுச் சுத்திகரிப்பு’ என்று மரியாதையான பெயர் உண்டு.

மறுநாள் காலை பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்து அறிவித்தது. அசனார் மகள் ரிஸ்வானா, தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தாள்.

“மய்யத்து முகத்தப் பாத்துட்டு வந்துருவோம், வா” என்று ஜுனைதா அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி வெள்ளைத் துணியை விலக்கினாள்.

“சிரிச்ச மாதிரியே கெடக்குறா பாரு” என்று ஜுனைதா விம்மினார்.

சஃபா குனிந்து பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை கண்ணோ மூக்கோ வாயோ இல்லாமல் வெறும் தோல்தான் இருந்தது.