ரிப்பன் கட்டிய சோப்பு

"ரிப்பன் இல்லாத டப்பாவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா."

முதலாளி மறுபடியும் மறுத்துவிட்டார். டிசைனர் பெண்ணுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

சோப்புக் கம்பெனியில் அவளைச் சேர்த்ததே டப்பாவை மாற்றத்தான். இந்த டிசைன் தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மேசை மேல் பழைய டப்பாவும் புது டப்பாவும் இருந்தன. பழையதில் தங்க ஓரம், ஒரு ரோஜா, அதற்குத் துணையாக இன்னொரு ரோஜா, போதாக்குறைக்கு ஒரு சிவப்பு ரிப்பன். புதியது வெறும் பழுப்பு அட்டை. சோப்பின் பெயர் மட்டும் இருந்தது.

"ரோஜாவை எடுத்தேன், சரின்னீங்க. தங்கத்தை எடுத்தேன், அதுக்கும் சரின்னீங்க. ரிப்பன்ல மட்டும் ஏன் சார் இவ்வளவு பிடிவாதம்?"

"அது இருக்கட்டும்."

"வாங்கறவங்ககிட்ட விசாரிச்சேன் சார். ஈரக் கையோட முடிச்சை அவிழ்க்க முடியலைன்னு திட்டறாங்க."

"எங்க வீட்லயும்தான் திட்டறாங்க. நானே கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுக்கறேன்."

"அப்புறம் எதுக்கு சார்?"

"ரிப்பன் இருக்கணும். அவ்வளவுதான்." போனை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து மேனேஜரிடம் பொரிந்து தள்ளினாள். "பணம் இருக்கு, ரசனைதான் இல்லை. ஜிகுஜிகுன்னு இருந்தாத்தான் இவருக்குத் திருப்தி."

மேனேஜர் சிரித்தார். "பாக்கிங் ஹாலுக்குப் போயிருக்கியாம்மா?"

"எதுக்கு சார்? டப்பாதான் கம்ப்யூட்டர்லயே தெரியுதே."

"ஒரு நடை போயிட்டு வா."

போனாள். சோப்பை வெட்டுவது மெஷின், டப்பாவில் போடுவது மெஷின், மூடி ஒட்டுவதும் மெஷின். கடைசியில் ஒரு நீள மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதையும் மெஷினே கட்டாதாக்கா?"

"இந்த முடிச்சு மெஷினுக்கு வராதும்மா. ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க," என்றாள் மூத்தவள். "முன்னாடி சோப்பை டப்பாவுல போடறதே நாங்கதான். அப்ப ரிப்பனெல்லாம் கிடையாது. மெஷின் வந்த அதே வாரம்தான் ரிப்பனும் வந்துச்சு."

டிசைனர் மேசை மேலிருந்த ரிப்பன் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"சும்மா ஆள் வச்சுக்க முதலாளியோட கூட்டாளிங்க விடுவாங்களா? ரிப்பன் இல்லைன்னா சரக்கு போகாதுன்னு அவங்களை நம்ப வச்சிருக்காரு. நீங்க பாட்டுக்கு வெளியில சொல்லிடாதீங்க."

ரசனை இல்லாதவர் என்று சொன்னதை நினைத்து அவளுக்கு வெட்கமாகிப் போனது.

பக்கத்து மேசையில் நாலு பெண்கள் தலை நிமிராமல் டப்பாவுக்கு அடியில் விலை லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க?"

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "லேபிளுக்கும் மெஷின் வருது. அடுத்த மாசத்தோட இவங்க வேலையை விட்டு நிக்கணுமாம். இவங்களைக் காப்பாத்த முதலாளிக்கும் ஒண்ணும் தோணலை போல."

மறுநாள் காலை முதலாளியின் மேசையில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அதே பழுப்பு அட்டை, அதே பெயர். அதன் மேல் சிவப்பு ரிப்பன். குறுக்கே இன்னொரு ரிப்பன், இரண்டும் சேரும் இடத்தில் பூப்போல மடித்த முடிச்சு.

முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது? நேத்து ஒண்ணே வேண்டாம்னே. பார்க்கச் சகிக்கலையே."

"எனக்கே சகிக்கலை சார்," என்றாள். "ஆனா லேபிள் ஒட்டற நாலு பேரும் நேத்து சாயங்காலமே இந்த முடிச்சைக் கத்துக்கிட்டாங்க."