மண் தின்னாத துணி

"என் மண்ணு எதைப் போட்டாலும் தின்னு ஏப்பம் விட்டுடும், மேடம். தோண்டிப் பாருங்க, ஒரு நூல்கூடக் கிடைக்காது!"

பெரியவர் வரப்பில் நின்று சவால் விட்டார். மண் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் மண்வெட்டியை எடுத்தார்.

சோதனை எளிதுதான். இரண்டு மாதம் முன்பு வயலின் நான்கு மூலைகளிலும் ஒரு சாண் ஆழத்தில் பருத்தித் துணித் துண்டுகளைப் புதைத்து, அடையாளத்துக்குக் குச்சி நட்டிருந்தார். மண்ணில் புழுவும் பூஞ்சையும் கண்ணுக்குத் தெரியாத கோடி ஜீவன்களும் இருந்தால் துணி கந்தலாகிவிடும். முழுசாக வந்தால், மண் செத்துவிட்டது என்று அர்த்தம்.

துணி கொடுத்தது, வரப்பில் பக்கத்தில் நின்ற பெரியவருடைய தம்பி மனைவி. தையல் வேலை செய்கிறவள். மிச்சம் கிடந்த நீலக் கட்டம் போட்ட துணியில் நான்கு துண்டு வெட்டிக் கொடுத்தாள். பந்தயம் கட்டியதும் அவள்தான். துணி மக்காமல் வந்தால் பெரியவர் வயலில் பாதியை அவளிடம் விட்டுவிட வேண்டும். அதில் ஒரு சொட்டு பூச்சிமருந்து விழக் கூடாது.

அந்தப் பாதி அவள் கணவனுடையது. "இப்படி விஷத்தைக் கொட்டினா மண்ணு செத்துடும்ணா" என்று அண்ணனோடு மல்லுக்கு நின்றவன், மூன்று வருஷம் முன்பு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ரோஷக்காரன், கோபம் தணிந்தால் வருவான் என்று பெரியவர்தான் எல்லோருக்கும் சொன்னார். அவன் வரும்போது மண் உயிரோடு இருக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. பாவம், இன்னும் வாசலைப் பார்த்தபடிதான் தைக்கிறாள்.

முதல் துண்டு வந்தது. உதறினால் மண் கொட்டியது. துணி அப்படியே இருந்தது.

"துவைச்சா இன்னும் தைக்கலாம் போலிருக்கே!" என்றார் ஆய்வாளர்.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் நீலம்கூட வெளுக்கவில்லை. பெரியவரின் முகம்தான் வெளுத்தது.

"என்ன மேடம், மண்ணு இதைத் தொடவே இல்லையா?"

"தொடறதுக்கு உள்ள ஆள் வேணுமே! ஒரு மண்புழுகூட இல்ல, பாருங்க. உங்க மருந்து எல்லாத்தையும் கொன்னுடுச்சு."

"நாளானா சரியாயிடாதா?"

"மருந்தை ஊத்திக்கிட்டே இருந்தா, வருஷக்கணக்கா இப்படியேதான் கிடக்கும்."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, தோத்துட்டேன். பாதி வயல் உனக்குத்தாம்மா. போதும், வீட்டுக்குப் போகலாம் வாங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர் இப்படிச் சுலபமாக இறங்கி வந்ததில் தம்பி மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, இதைக் கேக்க அவர் இல்லாமப் போயிட்டாரே!"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் ஆய்வாளர்.

"மூணு போதாதா மேடம்?"

"நாலையும் பாத்தாத்தான் சோதனை முடியும்."

நான்காவது மூலையில் டிராக்டர் ஏறிக் குச்சியைச் சாய்த்திருந்தது. ஆய்வாளர் குத்துமதிப்பாகத் தோண்டினார். ஒரு சாணில் எதுவும் இல்லை. சற்றுத் தள்ளி, இன்னும் ஆழமாக வெட்டினார். நீலக் கட்டம் தெரிந்தது.

"இதோ! இதுவும் முழுசு!"

பிடித்து இழுத்தார். துணி வந்துகொண்டே இருந்தது. ஒரு சட்டைக் கை வந்தது. காலர் வந்தது. பொத்தான்கள் வந்தன.

தம்பி மனைவி குனிந்து, இரட்டைத் தையல் போட்ட சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள்.

"மேடம், நான் உங்களுக்குக் குடுத்தது வெறும் துண்டு. இதைத் தைச்சது போக மிச்சம்." காலரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "அவர் போன அன்னிக்கு இதைத்தான் போட்டிருந்தார்."

பெரியவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தின்னிருக்கும்னுதான் நெனச்சேன்" என்றார்.